ஐந்தடி ஆறங்குலப் பெண்ணைத் தேடிப் பூதலூருக்கு

பன்னிரண்டு விநாடி ஓடுகிற ஒரு வீடியோதான் என்னை மலேசியாவின் ஈப்போவிலிருந்து தஞ்சாவூருக்குத் துரத்தியது. சிமெண்டுத் தரை, துருப்பிடித்த வளையம். ஒரு பெண் ஓடி வந்து பந்தை எறிகிறாள். பின்னால் நிற்கும் இன்னொருத்தி, ஏதோ ஈயை ஓட்டுவது போல, வளையத்துக்குப் பக்கத்தில் வைத்து அதைத் தட்டிவிட்டுப் போகிறாள். தட்டிவிட்டவள் பெயர் தமிழரசி, லீக் பட்டியலில் நாற்பத்தொன்றாம் இடம், உயரம் ஐந்தடி ஆறங்குலம் என்று எழுதியிருந்தது. பதினோரு வருடம் கூடைப்பந்து ஆடி முட்டி தேய்ந்தவள் நான். ஐந்தடி ஆறங்குலக்காரியின் கை அங்கே எட்டவே எட்டாது. ஒன்று அந்த ஊரில் வளையத்தைத் தாழ்வாக மாட்டியிருக்கிறார்கள், இல்லாவிட்டால் எழுத்தில் ஏதோ பிசகு.

எங்கள் பக்கம் பெண்களுக்கென்று ஒரு தொழில்முறை லீக் நடக்கிறது. எட்டு அணிகள். வருடத்துக்கு ஒரு முறை டிராஃப்ட். ஆட வருகிறேன் என்று பெயர் கொடுத்த பெண்களின் பட்டியல் எல்லா அணிக்கும் பொது. அணிகள் வரிசைப்படி ஒவ்வொருத்தியாகக் கூப்பிடும். மூன்று சுற்று. கூப்பிட்ட அணிக்குத்தான் போக வேண்டும், பெண்ணுக்கு அதில் பேச்சே இல்லை. முதல் சுற்றில் எடுக்கப்பட்டவளுக்கு ஒரு சீசன் முழுக்க இடம் உறுதி. மூன்றாம் சுற்று என்றால் பத்து நாள் முகாம், அப்புறம் பெரும்பாலும் ஊருக்குத் திரும்ப டிக்கெட். நான் துணைப் பயிற்சியாளராக ஒட்டிக்கொண்டிருக்கும் அணி போன சீசனில் எட்டாவது. எட்டு அணியில் எட்டாவது என்றால் எங்கள் பெருமையை நீங்களே புரிந்துகொள்ளுங்கள்.

“போய் அளந்துவிட்டு வா” என்றார் எங்கள் மேலாளர் லிம். அளந்தேன். ஆனால் அதை மட்டும் செய்துவிட்டுத் திரும்பவில்லை.

முதல் நாள் காலை தஞ்சாவூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு கடையில் பொங்கல் சாப்பிட்டேன். இலையில் நெய் ஓடியது. எங்கள் ஊர் ரொட்டி சானாயை விட்டுக்கொடுக்காதவள் நான், இருந்தாலும் அன்றைக்கு இரண்டாவது பொங்கல் கேட்டேன். என் முப்பாட்டனும் இந்தப் பக்கம் எங்கிருந்தோதான் கப்பல் ஏறியிருக்க வேண்டும். எந்த ஊர் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது, நானும் அதைத் தேடி வரவில்லை. என் கைப்பையில் இருந்தது ஒரு இஞ்சு டேப்.

முகப்பில் இளஞ்சிவப்பு பூசிய டவுன் பஸ்ஸில் ஏறி நூறு ரூபாய்த் தாளை நீட்டினேன். கண்டக்டர் அதைப் பார்க்காமலே ஒரு சீட்டைக் கிழித்துக் கையில் வைத்தார்.

“காசு வாங்கிக்குங்க, நான் வெளிநாடு.”

“பொம்பளதானே நீங்க? அப்ப ஃப்ரீதான். எந்த ஊரு?”

“ஈப்போ.”

“அது எந்தப் பக்கம், குத்தாலம் தாண்டியா?”

பஸ் முழுக்கப் பெண்கள். என் கால்மேல் ஒரு கூடை கத்தரிக்காய், தோளில் யாரோ பெற்ற குழந்தை. ஈப்போவில் பக்கத்து சீட்டுக்காரர் மூச்சு விட்டாலே நகர்ந்து உட்காருகிற நான், அந்தக் குழந்தை என் தோளில் எச்சில் விட்டுத் தூங்குவதைப் பார்த்துக்கொண்டே பூதலூர் வந்து சேர்ந்தேன்.

பூதலூரிலிருந்து உள்ளே இரண்டு கிலோமீட்டர். ஒவ்வொரு முக்கிலும் கட்சிக்கு ஒன்றாகக் கொடிக்கம்பங்கள். பெயர்களும் அப்படித்தான். பெண் தமிழரசி, அவள் அப்பா இளங்கோவன், வழி காட்டியவர் செந்தமிழ்ச்செல்வன். நாங்கள் அங்கே ஜாஸ்மின், ஷாலினி என்று வைத்துக்கொண்டு திரிகிறோம்.

பள்ளிக்கூடத்துப் பின்னால் மைதானத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டேன். பாதி மைதானத்தில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. குறுவை அறுப்பு முடிந்த சமயம், சிமெண்டுத் தரையைக் கண்டால் விடுவார்களா? இரண்டு பெண்கள் காலால் நெல்லைக் கிளறிவிட்டபடி நடந்தார்கள். மீதிப் பாதியில் பத்துப் பெண்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். பந்து நெல்லுக்குள் போனால் போட்டவளே எடுத்து வந்து, கிளறுகிற அக்காவிடம் வசவும் வாங்க வேண்டும். அதனால் ஒருத்தி கையிலிருந்தும் பந்து தவறவே இல்லை. எங்கள் அணிக்கும் நான்கு மூட்டை நெல் வாங்கிப் பரப்பலாமா என்று நிஜமாகவே யோசித்தேன்.

தமிழரசியை யாரும் காட்டித்தர வேண்டியிருக்கவில்லை. ஐயோ, என்ன உயரம்! பத்தொன்பது வயது, ஒல்லி, நெற்றியில் வியர்வையில் கரைந்த விபூதி. நான் வளையத்தைத்தான் முதலில் அளந்தேன். சரியாகப் பத்தடி. பிறகு அவளைச் சுவரோடு நிறுத்தி, தலையில் ஒரு நோட்டை வைத்து அளந்தேன். நம்பாமல் இரண்டாம் முறை. மூன்றாம் முறை அவளே சிரித்துவிட்டாள். ஆறடி ஒரு அங்குலம்.

“பாரத்துல ஐந்தடி ஆறுன்னு எழுதியிருக்கே, எப்படிம்மா?”

“நான் மேட்சுக்குப் போயிருந்தப்ப அப்பாதாங்க்கா எழுதி அனுப்பினாங்க. ஜாதகத்தோட குடுக்கற பயோடேட்டால என்ன போட்டிருக்கோ அதையே பார்த்து எழுதிட்டாங்க.”

எனக்குப் புரியவில்லை. அவள் பொறுமையாக விளக்கினாள். ஆறடிப் பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைக்க மாட்டான். அதனால் வீட்டில் ஏழு அங்குலத்தைக் குறைத்துவிட்டார்கள். பக்கத்து ஊர் கோவிந்தராசு என்பவர் வீட்டிலிருந்து பெண் பார்த்துவிட்டும் போய்விட்டார்கள்.

“நேர்ல பார்த்தாங்களா? அப்பவுமா தெரியல?”

“மூணு மணி நேரம் உக்காந்தே இருந்தேங்க்கா. காபித் தட்டைக்கூட அம்மாதான் கொண்டுபோனாங்க. பொண்ணு ரொம்ப அடக்கம்னு சொல்லிட்டுப் போனாங்க.”

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. உயரத்தைத் திருத்தச் சொல்லி லீக்குக்கு எழுதியிருக்கிறாள். முதலில் எழுதிக் கையெழுத்துப் போட்டவரே திருத்திக் கையெழுத்துப் போட வேண்டும், ஏதாவது ஒரு அணியின் ஆள் அளந்த வீடியோவும் வேண்டும் என்று பதில் வந்திருக்கிறது. கடைசி நேரம் நாளை மறுநாள் மாலை நாலு மணி. அப்பா மாட்டேன் என்கிறார். பட்டியல் இணையத்தில் எல்லோரும் பார்க்கிற மாதிரி இருக்கிறது, மாப்பிள்ளை வீட்டார் கண்ணில் பட்டால் என்னாவது என்ற பயம்.

“அப்பா கெட்டவங்க இல்லக்கா. அவங்கதான் பாரமே போட்டாங்க. ஆனா கல்யாணமும் நடக்கணும், இதுவும் நடக்கணும்னு பார்க்கறாங்க. எனக்கு இது ஒண்ணுதான் வேணும்.”

சாயங்காலம் டீக்கடையிலிருந்து லிம்முக்குப் போன் போட்டேன். ஆறடி ஒன்று என்றதும் மறுமுனையில் ஏதோ விழுந்து உடைந்தது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“திருத்தாதே. யாரிடமும் மூச்சு விடாதே. ஐந்தடி ஆறு என்று இருந்தால் ஒருத்தனும் திரும்பிப் பார்க்க மாட்டான். மூன்றாம் சுற்றில் சும்மா எடுத்துக்கொள்ளலாம்.”

“முதல் தேர்வே நம்முடையதுதானே? அதில் எடுக்கலாமே?”

“முதல் தேர்வு மணிலாப் பெண். பேசி முடித்தாயிற்று.”

சரி என்றேன். ஆமாம், சரி என்றுதான் சொன்னேன். எட்டாம் இடத்தில் கிடக்கிறவளுக்கு இப்படி ஒரு புதையல் கிடைத்தால் வாயை மூடிக்கொள்ளத் தோன்றும். அந்தச் சந்தோஷத்தில் நாலு வாழைக்காய் பஜ்ஜி தின்றேன்.

இரண்டாம் நாள் தமிழரசி வீட்டில் சாப்பாடு. அவள் அம்மா மல்லிகா கெண்டை மீன் குழம்பு வைத்திருந்தார். முள் அதிகம், ருசி அதைவிட அதிகம். எங்கள் மீன் கறியில் அசாம் என்கிற புளிப்புப் பழத் துண்டு போடுவோம், இங்கே புளியும் மாங்காயும். இளங்கோவன் வீட்டில் இல்லை. புறவழிச்சாலைக்கு அவர்கள் நிலத்தை எடுக்கிறார்கள், அது விஷயமாகக் கூட்டம் என்றார் மல்லிகா. அவர் மாமனார் காலத்தில் அந்த நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டார்கள். பிறகு கொடி பிடித்து, அடி வாங்கி, குத்தகையாகி, கடைசியில் இரண்டு ஏக்கர் சொந்தமாயிற்று. இப்போது சர்வேக்காரர்கள் வந்து அளந்து ஒன்றரை ஏக்கர்தான் என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். நாளைக்கு மறியல்.

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தபோது தமிழரசி கேட்டாள். “அக்கா, நீங்க உண்மையைச் சொல்லணும். மூணாவது ரவுண்டுல எடுத்தா என்ன ஆகும்?”

மல்லிகா எனக்கு இன்னொரு துண்டு மீன் போட்டார். அந்த அம்மாவின் கையால் தின்றுகொண்டே அவர் பெண்ணிடம் பொய் சொல்ல என்னால் முடியவில்லை. பத்து நாள் முகாமைப் பற்றிச் சொன்னேன். லிம் சொன்னதையும் சொன்னேன். அவள் என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்து, “நாளைக்கு அப்பாகிட்ட நீங்களே சொல்லுங்கக்கா. நான் சொன்னா சண்டையாயிடும்” என்றாள்.

மூன்றாம் நாள் காலையில் என் பஸ் பூதலூருக்கு முன்னாலேயே நின்றது. சாலை நடுவில் நூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். கண்டக்டர் இறங்கி நிழல் பார்த்து நின்று பேப்பர் படிக்க ஆரம்பித்தார். யாரும் பதறவில்லை. எங்கள் ஊரில் பத்து நிமிடம் சாலை அடைத்தாலே செய்தி. இங்கே ஒரு பாட்டம் வெள்ளரிப் பிஞ்சு வியாபாரம் நடந்து முடிந்தது. நான் இறங்கி ஓடுவதற்குள் போலீஸ் வேன்கள் வந்து எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டன. அதில் இளங்கோவனும் போய்விட்டார் என்று தமிழரசி மூச்சிரைக்க வந்து சொன்னாள். மணி பதினொன்று.

“ஜெயிலுக்கா?” என்றேன்.

“இல்லக்கா, கல்யாண மண்டபத்துக்கு.”

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். நிஜம்தான். மறியல் செய்கிறவர்களைக் கைது செய்து ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்து, மதியம் சாப்பாடு போட்டு, ஆறு மணிக்கு அனுப்பிவிடுவது இந்த ஊர் வழக்கம். ஆறு மணி வரை காத்திருந்தால் எங்கள் நாலு மணி போய்விடும்.

எங்களைக் கொண்டுபோன ஆட்டோ வாய்க்கால் பாலத்தில் பஞ்சர். எந்த மண்டபம் என்று விசாரிக்கவே ஒரு மணியாகியிருந்தது, மீதி வழியை நடந்து சேர்ந்தபோது இரண்டரை. மண்டப வாசலில் ஒரு பெண் இன்ஸ்பெக்டர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

“உள்ள போகணும்னா அரெஸ்ட் ஆகித்தாம்மா போகணும்.”

“சரி, அரெஸ்ட் பண்ணுங்க” என்று பாஸ்போர்ட்டை நீட்டினேன்.

அவர் அதைப் புரட்டிப் பார்த்தார். “வெளிநாடா? ஐயையோ, எனக்கு எதுக்கு இந்த வம்பு? சும்மாவே போங்க.”

உள்ளே மேடையில் யாருடைய கல்யாணத்துக்கோ ஒட்டிய தெர்மாகோல் எழுத்துகள் அப்படியே இருந்தன. கீழே பந்தி. கைதிகளே வாளி எடுத்து சாம்பார் சாதம் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். எனக்கும் ஒரு இலை போட்டுவிட்டார்கள், மறுக்க முடியவில்லை. உருளைக்கிழங்கு வறுவல் நன்றாகவே இருந்தது. தமிழரசி உள்ளே நுழைந்தவள் எதிர்வரிசையைப் பார்த்ததும் சட்டென்று என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

“அவங்கதாங்க்கா கோவிந்தராசு மாமா” என்றாள் காதில்.

அவருடைய நிலமும் சாலையில் போகிறதாம். இளங்கோவன் இலைக்கு நேர் எதிர் இலை.

அதுவரை நேரில் பார்த்திராத இளங்கோவன், மகள் பக்கத்தில் என்னைப் பார்த்து வணக்கம் சொன்னார். முகத்தில் தர்மசங்கடம். பக்கத்தில் இருந்தவர்கள் சும்மா இருப்பார்களா? யார், எந்த ஊர், எதற்கு வந்தீர்கள் என்று ஆரம்பித்தார்கள். டிராஃப்டைப் பற்றிச் சொன்னேன். எட்டு அணி, மூன்று சுற்று என்று சொல்லி, “முதல்ல கூப்பிடறது கடைசியா வந்த டீம். எட்டாவதா வந்தவங்களுக்குத்தான் முதல் வாய்ப்பு” என்றேன்.

நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து ஆதரவுக்கு வந்திருந்த ஒரு விவசாயி சோற்றுக் கையோடு நிமிர்ந்தார். “என்னது? கடைசில இருக்கறவனுக்கு முதல்லயா?”

“ஆமாங்க.”

“யோவ், கேட்டீங்களாய்யா! கடைமடைக்கு முதல் தண்ணியாம்! நாங்க வாய்க்காலோட கடைசில உக்காந்துகிட்டு, நீங்கள்லாம் பாய்ச்சி முடிச்சு மிச்சம் வருமான்னு பார்த்துகிட்டிருக்கோம். எங்களுக்குத் தண்ணி வர்றப்ப உங்க பயிரு முழங்காலு உசரம். அந்த ஊருல எவனோ நியாயஸ்தன் இருக்கான்யா!”

மண்டபமே கைதட்டியது. அதற்குமேல் நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சுற்றுக்கு அவர்கள் முறை என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். மூன்றாம் முறைக்குள் பயிர் காய்ந்துவிடும் என்று அவர்களே சொல்லிக்கொண்டார்கள்.

“அப்ப நம்ம தமிழரசி எந்த முறைல வரும்?” என்று கேட்டது கோவிந்தராசு.

நான் இளங்கோவனைப் பார்த்தேன். “பட்டியல்ல இருக்கற உயரத்தை வச்சுப் பார்த்தா மூணாவது முறை. அதுவும் நிச்சயமில்லங்க. நாலு மணிக்குள்ள திருத்தலைன்னா அவ்வளவுதான்” என்றேன்.

“திருத்தணுமா? என்ன உயரம் போட்டிருக்கு?”

இளங்கோவன் இலையை மூடினார். தண்ணீர் குடித்தார். மறுபடியும் குடித்தார். இந்த மனிதரை இத்தனை பேர் நடுவில் இப்படி நிறுத்திவிட்டோமே என்று என்மேலேயே கோபம் வந்தது.

“எந்திரிம்மா தமிழு” என்றார்.

அவள் அசையவில்லை.

“எந்திரிம்மா. நிமிந்து நில்லு.”

அவள் எழுந்தாள். உட்கார்ந்திருந்த கோவிந்தராசுவின் தலை மெதுவாக மேலே மேலே போய்க்கொண்டே இருந்தது.

“நாம எதுக்கு இங்க வந்து உக்காந்திருக்கோம்?” இளங்கோவனின் குரல் கரகரத்தது. “ரெண்டு ஏக்கரை ஒண்ணரைன்னு அளந்து எழுதிட்டான், இருக்கறதை இருக்கற மாதிரி எழுதுன்னுதானே கேக்குறோம்? எம் பொண்ணை நானே குறைச்சு எழுதியிருக்கேன்யா. ஆறடிக்கு மேல இருக்கற புள்ளையை அஞ்சரைன்னு எழுதிட்டேன். உங்களுக்கும் பொய்தான் குடுத்தேன், மச்சான். மன்னிச்சுக்குங்க.”

கோவிந்தராசு எழுந்தார். அடிதடி ஆகுமோ என்று பயந்தேன். அவர் துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டார்.

“எம் பையனுக்கு அஞ்சடி எட்டுன்னு குடுத்தேன்ல? அவன் அஞ்சடி நாலுதான். அன்னைக்குக் குதிகால் வச்ச ஷூ போட்டுக் கூட்டியாந்தேன்” என்றார்.

ஒரு விநாடி எல்லோரும் விழித்தார்கள். பிறகு யாரோ கெக்கெக்கே என்று ஆரம்பிக்க, மண்டபம் அதிர்ந்தது. வாசலில் இருந்த இன்ஸ்பெக்டர் கலவரம் என்று நினைத்து ஓடி வந்தார். “இது ஒத்து வராது, இளங்கோ. ஆனா புள்ளை போகட்டும்” என்றார் கோவிந்தராசு, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

தூணோடு நிறுத்தி அளந்தேன். நாகப்பட்டினத்துக்காரர் டேப்பின் கீழ்முனையைப் பிடித்துக்கொண்டார், சர்வேக்காரனை நம்பாத ஜாக்கிரதையோடு. வீடியோ எடுத்தது கோவிந்தராசு. இளங்கோவன், தமிழரசி எடுத்து வந்திருந்த பாரத்தை முழங்காலில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். மணி மூன்றரை. என் போனில் சிக்னல் இல்லை! வீடியோ சுற்றிக்கொண்டே நின்றது. கடைசியில் கைது செய்த இன்ஸ்பெக்டரே தன் போனின் ஹாட்ஸ்பாட்டைப் போட்டுக் கொடுத்தார். மூன்று ஐம்பதுக்குப் போய்ச் சேர்ந்தது. அனுப்பு என்பதை அழுத்தியது என் விரல்தான். லிம்மின் முகம் கண்ணில் வந்து போனது, ஆனாலும் அழுத்தினேன்.

அன்று மாலையே அவர் கூப்பிட்டார். “நீ யாருக்கு வேலை பார்க்கிறாய்?” என்றார். முதல் தேர்வில் இவளை எடுங்கள், காலில் விழுகிறேன் என்றேன். மணிலாப் பெண்தான் என்று போனை வைத்துவிட்டார்.

நான்காம் நாள் டிராஃப்ட். ஒரு மேசை, அதன்மேல் அரசு கொடுத்த இலவச லேப்டாப், அதைச் சுற்றி முக்கால்வாசி ஊர். நெல்லை அள்ளி ஓரமாகக் குவித்து மைதானத்தை முழுசாக விட்டுக்கொடுத்திருந்தார்கள். மல்லிகா பெரிய குண்டானில் சுண்டல் கொண்டுவந்தார். எனக்கு ஒரு கடலைகூட இறங்கவில்லை. கடைசி நிமிடத்தில் லிம் மனம் மாறலாம் என்று ஒரு நப்பாசை.

திரையில் எங்கள் அணியின் பெயர் வந்தது. முதல் தேர்வு, மணிலாப் பெண். கூட்டம் உச்சுக்கொட்டியது. இளங்கோவன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்து பினாங்கு அணி. மேடையில் ஒரு அம்மாள் சீட்டைப் பிரித்து, தட்டுத்தடுமாறி, ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். தமிழரசி இளங்கோவன்.

அடேயப்பா! நான் என் முட்டியை மறந்து குதித்தேன். சுண்டல் பறந்தது, விசில் பறந்தது. யாரோ வெடி கொளுத்திப் போட, நெல் கிளறுகிற அக்கா அவனைத் துரத்தினார். மல்லிகா வாய்விட்டு அழுதார். ஒரு சீசன் முழுக்க! இரண்டாவது தேர்வு! நான் யார் யாரையோ கட்டிப்பிடித்தேன்.

“உங்க டீம்தானுங்களே அது?” என்றார் இளங்கோவன்.

“இல்லங்க. வேற டீம்.”

“அப்ப உங்களுக்கு?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பினாங்கு அணியோடு எங்களுக்கு வருடத்துக்கு நாலு ஆட்டம். போன் சட்டைப்பையில் அதிர்ந்தது, லிம்தான். எடுக்கவில்லை. கண்ணில் தண்ணீர், முகத்தில் சிரிப்பு. என் சந்தோஷத்தில் ஒரு குறையும் இல்லை, துக்கத்திலும் இல்லை.

தமிழரசி கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். காலைத் தொடப் போகிறாளோ என்று பின்வாங்கினேன். அவள் அந்த எண்ணத்தில் வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

“அக்கா, உங்க டீமோட எங்களுக்கு எப்ப மேட்ச்?”

“ரெண்டாவது வாரமே.”

“வளையத்துக்குக் கீழ நிக்கற உங்க சென்டர் எந்தக் கையால போடுவாங்க? இடமா, வலமா?”

“சொல்ல மாட்டேன், போடி” என்றேன்.